அம்மாவின் போன் லாக் 1234: மாற்றுவது எப்படி, மறக்காமல் இருப்பது எப்படி?

கேள்வி இது: "அம்மாவுக்கு 70 வயது. ஊரிலிருந்து வந்து டெல்லி மயூர் விஹாரில் எங்களோடு இருக்கிறார். ஆண்ட்ராய்டு போன், லாக் நம்பர் 1234. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிலிருந்து எதிர் ஃபிளாட் பையன் வரை எல்லோருக்கும் அது தெரியும். பென்ஷன் வரும் வங்கிக் கணக்கும் அந்தப் போனில்தான். மாற்றலாம் என்றால், 'எனக்கு மறந்துடும்டா, விடு' என்கிறார். எப்படி மாற்றுவது? மாற்றினால் மறக்காமல் இருக்க வழி உண்டா?"

அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நான் நேரு பிளேஸில் ஒரு கம்பெனியில் ஐடி சப்போர்ட் பார்க்கிறேன். ஆபீஸ் ஆட்கள் போக, ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்த மாமா மாமிகளும் பூட்டிக்கொண்ட போனோடு வருவார்கள். அவர்களில் பலர் யாரோ பயமுறுத்தியதால் அவசரமாக நம்பரை மாற்றியவர்கள். அதற்காக 1234-ஐ விட்டுவைக்க முடியாது. 2012-இல் நிக் பெர்ரி என்பவர் இணையத்தில் கசிந்த நாலிலக்க எண்களை அலசிப் பார்த்தார். பத்தில் ஒன்றுக்கும் மேல் 1234. அடுத்து 1111, அப்புறம் 0000. 19 என்று தொடங்கும் பிறந்த வருடங்களும் ஏராளம். போனைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவன் இவற்றைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பான்.

எப்படி மாற்றுவது என்பது இரண்டு நிமிட வேலை. மறதிதான் பெரிய விஷயம், அதனால் அதை முதலில் சொல்கிறேன். லாக் நம்பர் மறப்பதற்கு வயதை விடப் பெரிய காரணம் கைரேகை. புது நம்பர் வைத்த கையோடு மறுபடியும் விரலை வைத்தே திறக்க ஆரம்பித்துவிடுகிறோம். நம்பரை ஒருமுறை கூட கையால் அடிப்பதில்லை. மூன்று நாள் கழித்துப் போன் அதைக் கேட்கிறது. ஆண்ட்ராய்டில் 72 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நம்பரை அடித்தே ஆக வேண்டும். ரீஸ்டார்ட் ஆனாலும் முதல் தடவை கைரேகை செல்லாது. அடித்துப் பழகாத எண் அந்த நேரத்தில் எங்கிருந்து ஞாபகம் வரும்?

டெல்லியில் இதோடு குளிரும் சேர்ந்துகொள்கிறது. டிசம்பர், ஜனவரியில் தோல் வறண்டு விரல் நுனி வெடித்துவிடும். பாத்திரமும் தண்ணீருமாகவே இருந்த கைகளில் ரேகை ஏற்கனவே தேய்ந்திருக்கும். எங்கள் பக்கத்து வீட்டு மாமி காலையில் கட்டைவிரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைப்பார். போன் நடுங்கும், திறக்காது. மறுபடி துடைப்பார். ஐந்தாறு தடவை தவறினால் கைரேகையை ஓரமாக வைத்துவிட்டு நம்பரைக் கேட்கும். நவம்பர் புகைமூட்டத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டால் முகம் காட்டித் திறப்பதும் தகராறுதான். ஆகவே அம்மாவுக்குக் கைரேகை ஒரு வசதி, அவ்வளவே. நம்பர்தான் சாவி.

சரி, மாற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இதைச் செய்யாமல் லாக் நம்பரைத் தொடவே வேண்டாம்.

அம்மாவின் போனில் எந்த கூகுள் கணக்கு இருக்கிறது, அதன் பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும் என்று பாருங்கள். ஆர்.கே. புரத்திலிருந்து ஒரு மாமா வந்திருந்தார். நம்பரை மாற்றி மறந்துவிட்டு, ஏதோ ஒரு கடையில் கொடுத்து போனை முழுக்க அழித்து வாங்கி வந்திருந்தார். திரையில் 'இந்தப் போனில் முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கொடுங்கள்' என்று நின்றது. "கூகுள் கணக்கா? அதெல்லாம் வாங்கின கடையில பையன் போட்டுக் கொடுத்தான்" என்றார். போன் பெட்டியின் ஓரத்தில் பென்சிலில் பாதி மெயில் ஐடி. பாஸ்வேர்ட் கிடையாது. அதை மீட்கக் கொடுத்திருந்த மொபைல் எண், திருச்சியில் அவர் எப்போதோ கைவிட்ட சிம். நல்ல போன், சார்ஜ் ஏறுகிறது, ஆனால் அந்தத் திரையைத் தாண்டவில்லை. பில் பத்திரமாக இருந்ததால் சர்வீஸ் சென்டரில் அலைந்து வழி பிறந்தது. பேத்தி படங்கள் போனது போனதுதான்.

இது கோளாறு அல்ல, திருட்டுக்கு எதிராக வைத்த ஏற்பாடு. 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-இல் வந்தது. போனைத் திருடியவன் அழித்துவிட்டுப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக, பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். போனின் சொந்தக்காரருக்கே அது தெரியாவிட்டால் அவரும் வெளியேதான் நிற்க வேண்டும். ஆக, போன் திறந்திருக்கும் இப்போதே செட்டிங்ஸில் 'கூகுள்' என்பதற்குள் போய், கணக்கின் 'செக்யூரிட்டி' பகுதியில் மீட்பு எண் என்ன என்று பாருங்கள். பழைய எண் என்றால் உங்கள் எண்ணைப் போடுங்கள். பாஸ்வேர்ட் தெரியவில்லையா, இப்போதே மாற்றிவிடுங்கள். அதே போன் கையில் திறந்திருக்கும்போது அது சுலபம், பூட்டிக்கொண்ட பிறகு பெரும் பாடு. இரண்டு அடுக்கு சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சோதனை) ஆன் ஆகியிருந்தால், போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய கூகுள் தரும் பேக்கப் கோடுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் தரும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும்.

படங்களும் வாட்ஸ்அப்பும் பேக்கப் ஆகிறதா என்பதையும் கண்ணால் பாருங்கள், 'ஆன்' என்று இருந்தால் மட்டும் போதாது. இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. 2024 முதல் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே 15 ஜிபிக்குள்தான் கணக்கு. அத்தை, சித்தி, கோயில் குரூப் என்று தினமும் வந்து விழும் 'காலை வணக்கம்' படங்களே அதை நிரப்பிவிடும். நிரம்பினால் பேக்கப் சத்தமில்லாமல் நின்றுவிடும். கடைசியாக எந்தத் தேதியில் ஆனது என்று அங்கேயே போட்டிருக்கும்.

இனி எண்ணைத் தேர்ந்தெடுப்பது. நாலிலக்கத்தில் மொத்தம் 10,000 எண்கள், ஆறிலக்கத்தில் 10 லட்சம். ஆறு வையுங்கள். புள்ளிகளை இணைக்கும் பேட்டர்ன் அம்மாவுக்குச் சுலபமாகத் தோன்றும், ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. 2017-இல் அமெரிக்கக் கடற்படை அகாடமி ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆறு புள்ளி பேட்டர்னை ஒருமுறை பார்த்தவர்களில் 64 சதவீதம் பேர் அதை அப்படியே போட்டுக் காட்டினார்கள். ஆறிலக்க எண்ணைப் பார்த்துச் சொன்னவர்கள் 11 சதவீதம். ராஜீவ் சௌக்கில் மாலை ஆறரைக்கு மெட்ரோ ஏறியவர்களுக்கு, தோளுக்குப் பின்னால் எத்தனை ஜோடிக் கண்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணை நீங்கள் முடிவு செய்து கொடுக்காதீர்கள். பிள்ளை சொல்லிக் கொடுத்த எண் மறக்கும், தானே எடுத்த எண் நிற்கும். அம்மா வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது, மனசில் ஏற்கனவே ஊறிப்போன, ஆனால் இன்று எங்கேயும் எழுதியிருக்காத ஒரு எண். ஊரில் இருந்த பழைய லேண்ட்லைன் நம்பர் இதற்கு ரொம்பப் பொருத்தம். சின்ன ஊர்களில் ஐந்திலக்கமோ ஆறிலக்கமோதான். வீட்டில் போன் வருவதற்கு முன்னால், கூப்பிட்டுச் சொல்லச் சொல்லி பி.பி. நம்பராகக் கொடுத்த மளிகைக்கடை எண் இன்னும் நல்லது. அதை யார் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது, அம்மாவோ தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இலக்கம் குறைந்தால் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதே எண் போனில் காண்டாக்டாக இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிறந்த தேதி, கல்யாண நாள், வீட்டு எண், பின்கோடு, வண்டி நம்பர் எதுவும் வேண்டாம். டெல்லித் தமிழர்களுக்கு ரயில் நம்பர் வைக்கத் தோன்றும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் 12621, 12622, ஜி.டி.யின் 12615, 12616 எல்லாம் நமக்கு மனப்பாடம். பக்கத்து வீட்டுக்கும் மனப்பாடம், அதுதான் சிக்கல்.

உங்களுக்கென்று வைப்பதானால் வேறு வழி இருக்கிறது. நீங்களே ஆறு சொல்லில் ஒரு அசட்டு வாக்கியம் கட்டுங்கள், ஒவ்வொரு சொல்லிலும் எத்தனை எழுத்து என்று எண்ணுங்கள். 'கொல்லையில் நாலு வாழை, ஒன்றுதான் குலை தள்ளியது' என்றால் புள்ளி வைத்த எழுத்தையும் சேர்த்து 5, 2, 2, 5, 2, 5. எண் மறந்தாலும் வாழைத்தார் மறக்காது. (இதையே எடுத்து வைத்துவிடாதீர்கள், படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.) அம்மாவுக்கு இது ஒத்துவராது. ஒவ்வொரு தடவையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தால் அலுத்துப்போய் மறுநாளே பழைய 1234 வந்துவிடும்.

மாற்றும் நாளையும் பார்த்து எடுங்கள். நல்ல நாள், ராகுகாலம் சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், ராத்திரி தூங்கப் போகும் நேரம், வீட்டில் விசேஷம் உள்ள நாள், இவை வேண்டாம். எங்கேயும் போகாத ஒரு நாள் காலையில் காபி குடித்த கையோடு உட்காருங்கள். செட்டிங்ஸ் மெனு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாம்சங்கில் 'லாக் ஸ்கிரீன்' என்பதற்குள் இருக்கும், வேறு சிலவற்றில் 'செக்யூரிட்டி' அல்லது 'பாஸ்வேர்ட்' என்று பெயர் உள்ள பகுதிக்குள் இருக்கும். தேடி அலைய வேண்டாம். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் பெட்டியில் 'ஸ்கிரீன் லாக்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் நேராகக் கொண்டுபோய் விடும். பழைய நம்பரைக் கேட்கும், பிறகு புது நம்பரை இரண்டு தடவை கேட்கும். அந்த இரண்டு தடவையும் அம்மாவின் விரலே அடிக்கட்டும். ஆண்ட்ராய்டு 14 முதல், எண் ஆறிலக்கமாக இருந்தால் கடைசி இலக்கம் அடித்ததும் தானே திறக்கும்படி வைக்கலாம். ஓகே பொத்தானைத் தேடித் தடுமாறுகிறவர்களுக்கு இது உதவும்.

மாற்றிய கையோடு போனிலிருந்து கைரேகையை நீக்கிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு. இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. அம்மா முணுமுணுப்பார். பரவாயில்லை. ஒரு நாளில் போனை எத்தனை முறை திறக்கிறாரோ அத்தனை முறையும் எண்ணை அடிக்க வேண்டியிருக்கும். மூன்றாம் நாளே எண்ணை யோசிப்பது நின்று விரல் தானாகப் போக ஆரம்பிக்கும். நம்மில் பலருக்கு ஏடிஎம் எண்ணை வாயால் சொல்லத் தெரியாது, மிஷின் முன்னால் நின்றால் கை அடிக்கும், அந்த மாதிரி. ஒரு வாரம் கழித்து கைரேகையைத் திரும்பப் போடுங்கள். போடும்போது ஒரே விரலை வேறு வேறு கோணத்தில் இரண்டு தடவையாகப் பதியுங்கள், குளிர்காலத்தில் கைகொடுக்கும். அதற்குப் பிறகும் வாரத்துக்கு ஒருநாள் போனை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். போனுக்கும் நல்லது, எண்ணும் துருப்பிடிக்காது.

எழுதி வைக்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக வைக்கலாம். 'எங்கேயும் எழுதாதே' என்பது ஆபீஸ் மேஜையில் மஞ்சள் சீட்டு ஒட்டுகிறவர்களுக்குச் சொன்னது. 70 வயது அம்மாவுக்கு வீட்டு பீரோவில் ஒரு காகிதம் இருப்பதுதான் பாதுகாப்பு. அந்தக் காகிதத்தில் லாக் நம்பர், கூகுள் மெயில் ஐடி, பாஸ்வேர்ட், பேக்கப் கோடுகள், போனின் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்) எல்லாம் இருக்கட்டும். *#06# என்று டயல் செய்தால் ஐஎம்இஐ தெரியும். கவரில் போட்டு ஒட்டி, நகையும் பத்திரமும் இருக்கும் இடத்தில் வையுங்கள். வேறொரு ஊரில் இருக்கும் அக்காவோ தம்பியோ ஒருவருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

எங்கே எழுதக் கூடாது என்றால், போன் கவருக்குப் பின்னால். மெட்ரோ கார்டும் நூறு ரூபாய் நோட்டும் செருகி வைக்கும் அதே இடத்தில் மடித்த சீட்டில் லாக் நம்பர் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பறித்துக்கொண்டு போகிறவனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரிதான். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைப்பதும் வீண். பூட்டிக்கொண்ட போனுக்குள்ளேயே அந்த மெசேஜ் கிடக்கும்.

பணம் அனுப்பும்போது அடிக்கும் யூபிஐ நம்பரையும் (யூபிஐ பின்) கேட்டுப் பாருங்கள். 1234 வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் அதே வழியில்தான் அதையும் வைத்திருப்பார்கள். லாக் நம்பரும் யூபிஐ நம்பரும் ஒன்றாக இருக்கவே கூடாது. போன் திறந்துவிட்டால் யூபிஐ ஆப்பும் பெரும்பாலும் அதே லாக்கில்தான் திறக்கும், இரண்டாவது கதவு அந்த யூபிஐ நம்பர் மட்டுமே. சின்னத் தொகைகளுக்கான யூபிஐ லைட் போட்டிருந்தால் அந்தக் கதவும் இல்லை. 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வரம்பை உயர்த்திய பிறகு ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை நம்பர் கேட்காமலே போகும், மொத்தம் 5,000 வரை அதில் வைக்கலாம். அம்மாவுக்குத் தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள். கூடவே, லாக் ஸ்கிரீனில் மெசேஜ் விவரம் தெரியாதபடி நோட்டிஃபிகேஷனை மாற்றுங்கள். திறக்காமலே ஓடிபி படிக்க முடிந்தால் பூட்டி என்ன பயன்?

இனி எப்போதெல்லாம் மாற்ற வேண்டும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காரணமில்லாமல் பாஸ்வேர்டை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பே 2017-இல் தன் வழிகாட்டலில் எழுதிவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் சுலபமான எண்ணுக்குத்தான் போவார்கள். யாராவது பார்த்துவிட்டார்கள் என்று தோன்றினால் மாற்றுங்கள், ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கினால் மாற்றுங்கள். கரோல் பாக் கஃபார் மார்க்கெட்டில் டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்தால், லாக் நம்பரைக் கேட்டு ஒரு டேப்பில் எழுதிப் போனின் முதுகிலேயே ஒட்டிவிடுவார்கள். வேலை செய்கிறவர் நல்லவராகவே இருக்கட்டும், அந்த டேப்பை அந்தச் சந்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள்? சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோட்', பிக்ஸலில் 'ரிப்பேர் மோட்' என்று உண்டு. அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் படமோ மெசேஜோ தெரியாமல் போனைச் சோதிக்கலாம், நம்பர் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு மறந்தே போய்விட்டால், முதலில் கையை எடுங்கள். தவறாக அடிக்க அடிக்கக் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். கொஞ்ச நேரம் விட்டு, வேறு வேலை பார்த்துவிட்டு, யோசிக்காமல் அடித்துப் பாருங்கள். பல சமயம் வந்துவிடும்.

கைரேகை இன்னும் திறக்கிறது, எண்தான் மறந்துவிட்டது என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய எண் இல்லாமல் புது எண் வைக்க விடாது. அந்த 72 மணி நேரம் முடிவதற்குள், சார்ஜ் தீர்ந்து அணைந்துவிடாமல், ரீஸ்டார்ட் செய்யாமல், கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்துப் படங்களை இறக்கிவிடுங்கள், வாட்ஸ்அப் பேக்கப்பை ஓடவிடுங்கள். அப்புறம் நிம்மதியாக அழிக்கலாம்.

கைரேகையும் இல்லை என்றால் அழிப்பது ஒன்றே வழி. தொலைந்த போனைத் தேடித்தரும் கூகுள் சேவையால் தொலைவிலிருந்து போனைப் பூட்ட முடியும், அழிக்க முடியும், திறக்க முடியாது. சாம்சங்கில் மட்டும், 'ரிமோட் அன்லாக்' வசதியை முன்பே ஆன் செய்திருந்தால் சாம்சங் கணக்கு வழியாகத் திறக்க வாய்ப்பு உண்டு. "டேட்டா போகாம லாக் எடுத்துத் தர்றேன், ரெண்டாயிரம்" என்று யாராவது சொன்னால் நடையைக் கட்டுங்கள். ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து, உள்ளே இருக்கும் எல்லாம் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்தே இருக்கிறது. அதை அவிழ்க்கும் சாவி உங்கள் லாக் நம்பரையும் போனுக்குள் இருக்கும் ஒரு சிப்பையும் சேர்த்துத்தான் உருவாகிறது. நம்பர் இல்லாமல் எடுப்பது கடைக்காரர் கையில் இல்லை.

நீங்கள் வைத்திருப்பது ஐபோன் என்றால் ஒரு சலுகை இருக்கிறது. 2023-இல் வந்த ஐஓஎஸ் 17 முதல், பாஸ்கோடை மாற்றிய 72 மணி நேரத்துக்குள் புதியதை மறந்துவிட்டால் பழையதைக் கொடுத்து வேறொன்று வைத்துக்கொள்ளலாம். பழைய எண் வேறு யாருக்கோ தெரிந்துவிட்டது என்பதற்காகத்தான் மாற்றுகிறீர்கள் என்றால், இந்தச் சலுகையே ஓட்டையாகிவிடும். செட்டிங்ஸில் பாஸ்கோட் பகுதிக்குள்ளேயே பழையதை உடனே செல்லாததாக்கும் வசதி இருக்கிறது, மாற்றிய உடனே அதை அழுத்திவிடுங்கள்.

போனே பறிபோய்விட்டால் கதை வேறு. அப்போது முதல் போன் 1930-க்கும் (சைபர் மோசடிக்கான உதவி எண்) வங்கிக்கும். போலீஸில் புகார் கொடுத்த பிறகு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துப் போனை முடக்கலாம். புதுப் போன் வாங்கிப் பழைய பேக்கப்பை இறக்கும்போது, தொலைந்த போனின் லாக் நம்பரைக் கேட்கக் கூடும். பீரோவில் இருக்கும் அந்தக் கவரை அதுவரை கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.